சகலை கட்டிய மியூசியமும் நான் ஊற்றிய தண்ணீரும்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று எவனாவது சொன்னால், அவனுக்குச் சகலை கிடையாது என்று அர்த்தம். பங்காளியோடு சண்டை போடச் சொத்து வேண்டும். சகலையோடு புகைவதற்கு ஒன்றுமே வேண்டாம், ஒரே வீட்டில் பெண் எடுத்திருந்தால் போதும். மாமனார் வீட்டுப் பந்தியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்போது, அவன் இலையில் விழுகிற கறித்துண்டு எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். (பெரிதுதான். நான் பார்த்தேன்.)

என் சகலை பெயர் கார்த்தி. என் மனைவி செல்வியின் தங்கை கயல்விழியைக் கட்டியவன். ஆர்க்கிடெக்ட். நான் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு மதுரையில் வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர். இரண்டும் ஒரே தொழில்தானே என்று கேட்பீர்கள். இல்லை. நான் வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்துவேன். அவன் ஏசி ரூமில் ஒரு கோடு போட்டுவிட்டு, அந்தக் கோட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருப்பான். அதற்கு ஃபீஸ் வேறு.

இப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். அந்த நேரம் பார்த்து, உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்த்துவந்த மாமனார், மதுரை ஆனையூரில் வாங்கிப் போட்டிருந்த இடத்தில் வீடு கட்டிக் குடிவரப் போவதாகச் சொன்னார். நான் மனதுக்குள் அஸ்திவாரமே தோண்டிவிட்டேன். மூத்த மாப்பிள்ளை, அதுவும் கான்ட்ராக்டர், வேறு யாருக்குக் கொடுப்பார்? மாமனார் வீட்டைக் கட்டியவன் என்ற பேர் கிடைத்துவிட்டால் சாகிறவரைக்கும் பந்தியில் முதல் இலை எனக்குத்தான். ஆனால் மனுஷன், "கார்த்தி மாப்ளயும் மேலூர்ப் பக்கம் என்னமோ கட்டியிருக்காராம்ல. அதையும் ஒரு எட்டு பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டார்.

கார்த்தி கட்டியது ஒரு மியூசியம். நவீன ஓவியமும் சிற்பமும் வைக்கிற இடம். வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர், மேலூருக்கு அந்தப் பக்கம் கைவிட்டுப்போன கல்குவாரி ஒன்றின் ஓரத்தில் அதைக் கட்டச் சொல்லி இவனிடம் கொடுத்திருந்தார். ஒரு காதுகுத்து விசேஷத்தில் கார்த்தி அதைப் போனில் எல்லாருக்கும் காட்டினான். முதல் அறைக்கு மேலே, கூரையில் நீளமாக ஒரு திறப்பு விட்டிருக்கிறானாம். மழை பெய்தால் உள்ளே விழ வேண்டுமாம். "மழ உள்ள விழுந்தா எங்க ஊர்ல அதுக்குப் பேரு ஒழுகுறது" என்றேன். பந்தலே சிரித்தது. என் வாழ்க்கையில் அதைவிட இனிப்பான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அந்த இனிப்பிலேதான் திட்டம் போட்டேன். எங்கள் தொழிலில் மொட்டை மாடியோ பாத்ரூமோ முடிந்ததும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம். தரைச் சரிவு, எங்கள் பாஷையில் வாட்டம், சரியாக இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். இல்லையென்றால் ஒரு மூலையில் தேங்கி நின்று கொத்தனாரின் மானத்தை வாங்கும். அத்தனை பெரிய தரை, மேலே திறப்பு. நிச்சயம் எங்கேயாவது தேங்கும். அதை மாமனாருக்குக் காட்டிவிட்டால் ஆனையூர் வீடு எனக்கு.

திறப்பு விழாவுக்கு வெள்ளை வேட்டி, கையில் பெரிய தண்ணீர் பாட்டில், மடியில் தூக்குக்குண்டு என்று கிளம்பினேன். (சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று நூலில் தொங்கவிட்டுப் பார்க்கிற குண்டு. மற்றவர்கள் கர்ச்சீப் வைத்திருப்பதுபோல் நான் அதை வைத்திருப்பேன்.) ரோட்டிலிருந்து பார்த்தால் கட்டடத்தையே காணோம். முழங்கால் உயரச் சுவர் ஒன்று, அவ்வளவுதான். கிட்டே போனால் பாறையில் படிகள் இறங்கின, தெப்பக்குளத்தில் இறங்குகிற மாதிரி. இரண்டு பக்கமும் பூசாத கான்கிரீட் சுவர், கான்கிரீட் வார்க்க அடித்த சென்ட்ரிங் பலகையின் மரக்கோடுகூட அதில் அப்படியே பதிந்திருந்தது.

நான் ஆரம்பித்தேன். பூச்சு வேலைக்குள் காசு தீர்ந்துவிட்டது போல என்றேன். பெயின்ட்காரன் இன்னும் வரவில்லை போல என்றேன். மாமனார் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினார். முதல் அறை வாசலில் ஒரு போர்டு இருந்தது. எல்லாரும் நின்று அதைப் படித்தார்கள். நான் படிக்கவில்லை, வாசல் நிலையில் கோணல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் போர்டைப் படித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

முதல் அறை காலி. ஒரு படம் இல்லை, ஒரு சிலை இல்லை. மேலே திறப்பு, அதன் வழியே சுவரில் சாய்வாக ஒரு வெயில் பட்டை. எல்லாரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்தார்கள். நான் மட்டும் பின்தங்கினேன். ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பாட்டிலைத் திறந்து நடுத்தரையில் ஊற்றினேன்.

தண்ணீர் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் ஒரு பக்கமாக நகர்ந்து, மெல்லிய தகடாகப் போய், சுவரோரத்தில் சத்தமில்லாமல் மறைந்துவிட்டது. நான் குந்தியபடியே அதன் பின்னால் போனேன். அப்புறம் மண்டிபோட்டுப் போனேன். சுவருக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழைகிற அளவு ஒரு இடைவெளி. சல்லடையும் கிடையாது, குழாயும் தெரியவில்லை. இன்னொரு மூலையில் ஊற்றினேன். அதுவும் அதே இடத்துக்கு ஓடியது. கன்னத்தைத் தரையில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். மேடு பள்ளம் ஒன்றுகூடத் தெரியவில்லை. எழுந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், சுவர் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. தரை, பழகின தோசைக்கல் மாதிரி வழவழப்பு. வருஷக்கணக்காக நான் கொத்தனார்களிடம் கத்திக் கத்திக் கேட்டது அத்தனையும் இங்கே இருந்தது. வயிறு எரிந்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே சுட்டது.

அடுத்த அறையில் மாமனார், முழுக்கச் சிவப்பு மட்டுமே தீட்டிய ஒரு பெரிய ஓவியத்தின் முன்னால் நின்றிருந்தார். "மொளகா வத்தல் காயப்போட்ட களம் மாதிரி இருக்குல்ல மாப்ள" என்றார் சந்தோஷமாக. அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கெடுத்தது. அவர் காதருகே போய், "மாமா, அந்த மொத ரூம்ல தண்ணி ஊத்திப் பாத்தேன். கொளமா நிக்கிது. நம்ம வீட்டுல இப்புடி நின்னா ஒரே மழைக்குச் செவுரு ஊறிரும்" என்றேன். அவர் என் வேட்டியின் நனைந்த முழங்காலைப் பார்த்தார். நம்பிவிட்டார். நிம்மதியாக மீதி அறைகளையும் சுற்றினேன். துருப்பிடித்த பம்புசெட் குழாய்களை வரிசையாக நிற்க வைத்திருந்த சிற்பத்தைக்கூட நல்லா இருக்கு என்று சொன்னேன். ஜெயித்தவனுக்குத் தாராளம் வந்துவிடும்.

கடைசி அறை இருட்டு. ஒரு சுவர் முழுக்கத் திரை. பொன்னாடையோடு கார்த்தி, மியூசியக்காரர், விருந்தாளிகள், எங்கள் குடும்பம் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு இளம் ஓவியர் எழுந்து அவருடைய படைப்பை விளக்கினார். முதல் அறையில் கேமராக்கள் இருக்கின்றனவாம். அந்த வெறும் அறையை மனிதர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது கொஞ்ச நேரம் கழித்து இந்தத் திரையில் ஓடுமாம். "வாசல் போர்டுலயே எழுதியிருக்கோம்" என்றார். எனக்கு மடியிலிருந்த தூக்குக்குண்டு திடீரென்று கனத்தது.

திரையில் முதலில் வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள், போனார்கள். அப்புறம் நான் வந்தேன், சுவர் உயரத்துக்கு. திருடன்போல் இரண்டு பக்கமும் பார்த்தேன். தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் ஓடியது. அதன் பின்னாலேயே தவழ்ந்து போனேன். சிரிப்பு கிளம்பியது. இன்னொரு கேமரா சுவரோரம் தாழ்வாக இருந்திருக்கிறது, நான் கன்னத்தைத் தரையில் வைத்ததும் திரை முழுக்க என் முகம். வாய் பிளந்து, சாமி பார்த்தவன் மாதிரி. சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு எழுந்து, சுவரைத் தடவி, மேலே பார்த்தேன். அப்போது என் முகம் மாறியது. அப்படி ஒரு முகம் எனக்கு இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

அந்த நிசப்தத்தில் செல்வி தங்கையிடம் மெதுவாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "ஒம் புருசன் எலைல கறி விழுகும்போது இவரு இப்புடித்தான் பாப்பாரு."

விளக்கு போட்டதும் ஓவியர் நேராக என்னிடம் வந்தார். அந்த அறையை இத்தனை நேரம் யாருமே பார்த்ததில்லையாம். அந்த வீடியோத் துண்டை மியூசியத்தின் நிரந்தரச் சேகரிப்பில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தலையாட்டினேன், வேறு என்ன செய்ய? கார்த்தி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. "அந்தத் தர வாட்டத்துக்கு எம்புட்டு பாடுபட்டோம்னு உங்களுக்கு மட்டுந்தாண்ணே தெரிஞ்சிருக்கு" என்றான். கோபப்பட்டிருந்தாலாவது தாங்கியிருப்பேன். நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறான்.

காரில் திரும்பினோம். மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். மாமனார் டீயை ஆற்றிக்கொண்டே, "கொளமா நிக்கிதுன்னீங்களே மாப்ள" என்றார். நான் வேட்டியின் நனைந்த முழங்காலை மறைத்துக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"வீட்ட அவரு வரையட்டும், நீங்க கட்டுங்க. ஒரு செவுத்தப் பாத்து இம்புட்டு வயிறெரியிறவரு, மட்டமா கட்ட மாட்டீங்க."

அப்படியே நடந்தது. அவன் கோடு போட்டான், நான் வயிறெரிந்துகொண்டே கட்டினேன். அந்த வீட்டில் இதுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் பேர் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு. சுவர் எழும்பியதும் வழக்கம்போல் வாசலில் திருஷ்டி பொம்மை கட்டலாம் என்றபோது கயல்விழி குறுக்கே விழுந்து தடுத்தாள். மியூசியத் திரையில் வந்த என் முகத்தைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்துக் கொண்டுவந்து தெருவைப் பார்க்கத் தொங்கவிட்டாள். வேலை முடிகிறவரை கம்பி ஒன்றுகூடக் களவு போகவில்லை, ஒருத்தருக்கும் சிராய்ப்புகூட இல்லை. அன்றிலிருந்து சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும் அந்த ஃப்ளெக்ஸ்தான் முதலில் போகிறது.

போன வாரம் திருமங்கலத்திலிருந்து செல்வியின் பெரியப்பா மகன் அவளுக்குப் போன் செய்தான். புது வீட்டுக்கு வாசக்கால் வைக்கிறானாம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நான், முறையாக அழைப்பான் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானேன்.

"மாமாவுக்கு வேல கெடக்கும்க்கா, அவரு வராட்டியும் பரவால்ல. படத்த மட்டும் குடுத்து விடு" என்றான்.

கார்த்தியை நேரில் போய், தட்டு வைத்து அழைத்தார்களாம்.