மூன்றடுக்கு உறையில் முந்தியது யார்?

அன்புள்ள மைத்துனனுக்கு அத்தான் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அங்கேயும் அப்படியே என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஜெயித்துவிட்டேன். மனு தள்ளுபடி என்று யாராவது சொல்லுவார்கள். தள்ளுபடி உண்மைதான், ஆனாலும் ஜெயித்தது நான். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக், நடுவே வெள்ளித்தாள், வெளியே தடித்த பிளாஸ்டிக், மூன்றையும் சேர்த்து இஸ்திரிப் பெட்டியால் ஓரம் ஒட்டினால் அடைமழையிலும் பிஸ்கட் நமுத்துப்போகாது என்று கண்டுபிடித்தது நான், அது தெரிந்திருந்தும் "பொட்டலத்துக்கெல்லாமா அத்தான் காப்புரிமை?" என்று சிரித்தவன் நீ, அது கிடக்கட்டும், இதே உறைக்கு ஒரு கம்பெனி ஒன்பது வருடம் முன்பே காப்புரிமை வாங்கிவிட்டதாம், விடுவேனா, அதை ரத்து செய்து உரிமையை எனக்கே தர வேண்டும் என்று மனுப் போட்டேன், நூலகத்தில் சட்டப் புத்தகத்தைப் பாதிவரை படித்தேன், முந்தியவருக்கே முதலிடம் என்று இருந்தது, அது போதும் என்று மூடிவிட்டு, நம் பேக்கரியில் இருபது வருடமாக வாங்கும் பதினேழு பேரை காப்புரிமை அலுவலக விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

முதலில் தையற்காரர் எழுந்தார். "சார், இருபது வருஷமா இந்த உறையிலதான் வாங்கறோம். எப்படி ஒட்டறதுன்னு கடை வாசல்லயே எல்லாருக்கும் செஞ்சு காட்டுவார்."

நான் கைதட்டினேன். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, ஊருக்கே காட்டிட்டீங்களா?"

"ஒளிச்சு வைக்க நான் என்ன திருடனா?"

"அப்ப இது பழசு. ஊரறிஞ்சதுக்குக் காப்புரிமை கிடையாது. அவங்களுக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை."

"என்னை முந்தினது யாரு? அதைச் சொல்லுங்க!"

"நீங்கதான்யா."

கம்பெனி வக்கீல் மூஞ்சியை நீ பார்த்திருக்கணும்டா! உத்தரவிலேயே, 'இவர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்துள்ளார்' என்று கையெழுத்து, முத்திரையோடு இருக்கிறது. நான் கேட்டது அதைத்தானே? கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியாயிற்று. நீ வந்து, அதன் முன்னால் நின்று, சிரித்ததை வாபஸ் வாங்க வேண்டும்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். எந்தப் புத்தகமானாலும் கடைசிப் பக்கம் வரை படிக்கட்டும்.

இப்படிக்கு,
எல்லோருக்கும் முந்திய
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டச் சொல்லி உன் அக்காவிடம் கொடுத்தேன். படித்தாள். "முதல் உறை ஒட்டின வாரம் நீங்க அம்மை போட்டுப் படுத்துக் கிடந்தீங்களே, ஒட்டினது யாரு?" என்றாள். "இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?" என்றேன். "நீங்க எங்க என்னைப் பேச விட்டீங்க?" என்றாள். ஆகவே உத்தரவில் அவள் பெயரைப் போடச் சொல்லி நாளைக்கே மனுப் போடுகிறேன். அவள் தரப்பில் வாதாடப்போவது நான். எதிர்த்தரப்பும் நான்தான். அந்த ஆளை லேசில் விடப்போவதில்லை.