பெட்டிக்குள் போன தலையணை

உலக வரலாற்றில் எத்தனையோ மாபெரும் குழுக்கள் கூடியிருக்கின்றன. எல்லைகளை வகுத்திருக்கின்றன, போர்களை நிறுத்தியிருக்கின்றன. ஆனால் ஒரு மரப்பெட்டிக்குள் எதைத் திணிப்பது என்று ஐந்து மாதம் ஓயாமல் ஆலோசித்த பெருமை ஒரே ஒரு குழுவுக்குத்தான் உண்டு. அது கூடிய இடம், இரண்டாவது மாடி வீடு ஒன்றின் சாப்பாட்டு மேசை.

குழுவின் தலைவர் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவு எழுத்தர். தெருவில் அவருக்கு டமாரம் என்று பெயர். சொந்தமாகச் சப்ஊஃபர் என்ற பெரிய ஸ்பீக்கர் பெட்டி செய்யப்போகிறேன், தெருவே அதிரப்போகிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே வாங்கிய பட்டம் அது. பெட்டியை அவரே அறுத்து, ஒட்டி, தேய்த்து முடித்துவிட்டார். உள்ளே முட்டி மோதித் திரும்பும் சத்தத்தை அடக்க ஏதாவது வைக்க வேண்டும். அதை ஓர் ஆள் தனியாக முடிவு செய்துவிட முடியுமா? அவர் அலுவலகத்தில் ஒரு நாற்காலியை நகர்த்தவே மூன்று பேர் கையெழுத்து வேண்டும்.

ஆகவே "ஒலி அடக்க ஆய்வுக் குழு" பிறந்தது. உறுப்பினர்கள் இருவர். ஒருவன் மனைவியின் தம்பி. வேலை தேடிக்கொண்டிருந்ததால் எந்தக் கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை. இன்னொருவர் கீழ்வீட்டு மெத்தைக்காரர். திணிப்பதில் முப்பது ஆண்டு அனுபவம். நிகழ்ச்சி நிரலில் இல்லாததைப் பேசக் கூடாது என்பது குழுவின் முதல் விதி. அது மூவருக்கும் மிகவும் பிடித்துப்போனதால் இரண்டாவது விதி போடவே இல்லை.

முதலில் கண்ணாடிப் பஞ்சு வந்தது. அதைத் தொட்ட தம்பி மூன்று நாள் சொறிந்துகொண்டிருந்தான். "உறுப்பினரிடம் ஆழ்ந்த தாக்கம் காணப்பட்டது" என்று தீர்மான நோட்டில் பதிவானது. அடுத்து முட்டை அட்டை. பெட்டியைத் தட்டி, காதை ஒட்டிக் கேட்டு, மூவரும் உதட்டைப் பிதுக்கினார்கள். பழைய கம்பளம் வந்தது, மெத்தைக்காரருக்குத் தும்மலும் வந்தது, கம்பளம் போய்விட்டது. கடைசியில் மெத்தைக்காரரின் கண்ணில் பட்டது, படுக்கையறையில் கிடந்த ஒரு தலையணை.

அது டமாரத்தின் மனைவியுடையது. கழுத்து வலிக்காக டாக்டர் சொல்லி வாங்கியது. அது இல்லாமல் படுத்தால் மறுநாள் அவளால் இடப்பக்கம் திரும்ப முடியாது.

"என்னமா பொசுபொசுன்னு இருக்கு. இப்படி ஒரு சரக்க நானே பாத்ததில்ல," என்றார் மெத்தைக்காரர்.

"ஏங்க, அது என் தலகாணி."

"பரிசோதனைக்குத்தான். பெட்டி பாடினதும் உன் கைல குடுத்துடுவேன்," என்றார் டமாரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தலையணை உறையோடு உள்ளே போனது. ஸ்பீக்கரை வைத்து எட்டுத் திருகாணிகளையும் முடுக்கும்போது டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

"ஏங்க, அங்க ரெண்டு ஒயர் சும்மா தொங்குதே."

"நிகழ்ச்சி நிரல்ல இல்ல," என்றான் தம்பி. நோட்டில், "வெளி இரைச்சல், பொருட்படுத்தத் தேவையில்லை" என்று எழுதினான். புதன்கிழமை மறுபடி சொன்னாள். மறுபடி எழுதினான்.

அறிக்கை எழுதி முடிக்காமல் பெட்டியை இயக்குவது முறையல்ல என்பதால் ஒரு வாரம் போனது. அவள் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தாள். இடப்பக்கம் யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்பினாள். டமாரம் அவளுக்கு எப்போதும் இடப்பக்கம்தான் உட்காருவார். அவருக்கு அது கண்ணில் படவில்லை. மனசெல்லாம் பெட்டியிலேயே இருந்தது.

மறு ஞாயிறு காலை, குழு முன்னிலையில், டமாரம் சுவிட்சைப் போட்டார். வால்யூமைத் திருகினார். இன்னும் திருகினார். வீடு அமைதியாக இருந்தது.

"மச்சான், கேக்குதா?"

"காதுக்குக் கேக்கல மாமா. நெஞ்சுல உணர்றேன்."

"தரை லேசா அதிருது," என்றார் மெத்தைக்காரர். வெளியே லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது.

டமாரத்துக்கு உயிர் வந்தது. "என்ன ஒரு அடக்கம் பாத்தீங்களா. துளி எதிரொலி இல்ல."

மூவரும் கண்ணை மூடி ரசித்தார்கள். அந்த நேரத்தில் அவள் திருப்புளியோடு வந்தாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. எட்டுத் திருகாணிகளையும் கழற்றி, ஸ்பீக்கரைத் தூக்கி, தன் தலையணையை உருவிக் கக்கத்தில் இடுக்கினாள். தொங்கிய சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஸ்பீக்கரின் முதுகில் மாட்டி, ஓட்டையில் வைத்து அழுத்தினாள்.

அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஆடின. மெத்தைக்காரர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. டமாரம் குழந்தையாகவே மாறிக் கைதட்டினார். சத்தத்தைக் குறைத்துவிட்டு, கண்ணில் நீர் கட்ட, அவளைப் பார்த்துக் கேட்டார்:

"இத ஏன் நீ முன்னாடியே சொல்லல?"

அவள் முழு உடம்போடு அவர் பக்கம் திரும்பினாள்.

"டேய், அந்த நோட்ட எடு. எழுது. அஞ்சு மாச ஆய்வுல கண்ட முடிவு: எந்தப் பக்கத்துல இருந்து, எத்தனை தடவை சத்தம் வந்தாலும் துளிகூட உள்ள விடாத பொருள், இந்த வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான். குழுத் தலைவர்."

தம்பி ஒரு சொல் விடாமல் எழுதினான். மெத்தைக்காரர் எழுந்து நின்று வழிமொழிந்தார்.