எட்டடி தெற்கே

மருதமுனை,
2010 ஜூலை 18

அன்பிற்குரிய சகலன் முத்தலிப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். படைத்தவன் புண்ணியத்தில் நானும் ஹாஜறாவும் உயிரோடும் ஓரளவு மரியாதையோடும் இருக்கிறோம். டோஹாவில் உங்களுடைய சுகத்தையும் தங்கச்சி சுல்பிகாவின் சுகத்தையும் அறிய ஆவல். அங்கே வெயில் கடுமை என்று கேள்விப்பட்டோம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இந்தக் கடிதத்தைச் சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து படியுங்கள். சுல்பிகாவுக்கு நீங்களே வாசித்துக் காட்டுவது நல்லது. அவள் கையில் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு எனக்குத் தொலைபேசி எடுப்பாள். நான் அதற்கு இன்னும் ஆயத்தமில்லை.

நான் இருபத்தேழு வருடம் உயர்தர வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். பாடத்தில் ஓர் அமெரிக்க நாவல் இருந்தது. பேராசை பிடித்த ஒரு மனிதன் முதலில் நித்திரையையும், பிறகு பெண்சாதியின் பேச்சையும், கடைசியில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் இழக்கிற கதை. 'பேராசையும் அதன் விளைவுகளும்' என்ற வினா ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் வரும். அதற்கு நான் எழுதிய மாதிரி விடை கல்முனைக்குடியிலிருந்து நிந்தவூர் வரைக்கும் போட்டோப் பிரதியாகத் திரிந்தது. கடைசி அத்தியாயத்தைப் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் புத்தகத்தை மூடிவைப்பேன். அந்த மனிதன் ஏன் இரண்டாம் அத்தியாயத்திலேயே நிறுத்தவில்லை என்று பிள்ளைகளிடம் கேட்பேன். ஒரு பிள்ளையும் பதில் சொன்னதில்லை. இப்போது எனக்குப் பதில் தெரியும். இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறவனுக்கு அது இரண்டாம் அத்தியாயம் என்று தெரியாது.

மாமா தன் இரண்டு பெண்மக்களுக்கும் சீதனமாக எழுதிக் கொடுத்த கடற்கரை வளவுகளைப் பற்றித்தான் எழுத வருகிறேன். வடக்கே எங்கள் வளவு, அதையொட்டித் தெற்கே உங்கள் வளவு. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை நாம் நால்வரும் சம்மாந்துறைக் கலியாண வீட்டில் இருந்ததால் தப்பினோம். திரும்பி வந்தபோது இரண்டு வீடும் இல்லை, இடையில் இருந்த வேலி இல்லை, வேலியோரம் நின்ற முருங்கை இல்லை, காணி உறுதிப் பத்திரங்களும் அலுமாரியோடு போய்விட்டன. மண்ணில் இரண்டு கட்டை அடித்து இதுதான் எல்லை என்று வைத்துக்கொண்டோம். பிறகு கடலோரம் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொன்னதால் உள்ளே வீட்டுத்திட்டத்தில் குடியேறினோம். நீங்கள் டோஹாவுக்குப் புறப்பட்ட அன்று என் கையைப் பிடித்து, சொந்த அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "காக்கா, எங்கட வளவையும் ஒரு கண் பாத்துக்கங்க. திரும்பி வந்து அதுலதான் தறி போடணும்" என்றீர்கள். "என்ட வளவு மாதிரியே பாத்துக்கிறன்" என்று நான் சொன்னேன். தம்பி, அந்த வாக்கை நான் அளவுக்கு அதிகமாக நிறைவேற்றிவிட்டேன்.

போன வருடம் சண்டை முடிந்ததும் சோதனைச் சாவடிகள் குறைந்தன, கொழும்புக்காரர்களின் கார்கள் கூடின. பகல் முழுக்க நாய் படுத்துக் கிடந்த கடற்கரையை எல்லோரும் அளக்கத் தொடங்கினார்கள். காணித் தரகன் பர்ஸான் ஒருநாள் வந்தான். கொழும்பு முதலாளி ஒருவர் ஹோட்டல் கட்டப் போகிறாராம்.

"சேர், அறுபதடி முகப்பு வேணும். முத்தலிப்ட வளவு சரியா அறுபது. அவர் விக்க மாட்டன் எண்டுட்டார். உங்கட அம்பத்திரண்டு. எட்டடிதான் கொற."

இவ்வளவுதான் அவன் சொன்னது. தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் அன்று தொடக்கம் எனக்கு ஞாபகங்கள் வரத் தொடங்கின. அந்த முருங்கை மரம் கட்டைக்குக் கொஞ்சம் தெற்கே நின்றதாக முதலாம் நாள் தோன்றியது. இரண்டாம் நாள் நன்றாகவே தெற்கே நின்றது. வியாழக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு வரும்போது அது எட்டடி தெற்கே நின்றது. காய் கூடத் தெரிந்தது. அதற்குமேல் அது நகரவில்லை, ஏனென்றால் முதலாளிக்கு அறுபதுக்கு மேல் தேவையில்லை. ஹாஜறாவிடம் சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"அது தங்கச்சிட வளவு. கட்டையில கை வெக்காதீங்க."

"கட்டை அடிச்ச நான். எனக்குத் தெரியாதா?"

அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். பிறகு மீனை அரிந்தாள். அதற்குப் பிறகு பதினொரு நாள் என்னோடு அவள் கதைக்கவில்லை. அமெரிக்க நாவலில் இது மூன்றாம் அத்தியாயத்தில் வரும். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

கூலிக்கு ஆள் பிடித்தால் ஊர் கதைக்கும் என்று நானே குழி தோண்டினேன், நானே கொங்கிறீட் தூண் நட்டேன், நானே முட்கம்பி இழுத்தேன். அறுபத்திரண்டு வயதில் இதைச் செய்கிறவனுக்கு முழங்கால் இரண்டும் வேறு வேறு திசையில் போகும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். வேலை முடிந்து பார்த்தபோது என் வளவு அறுபது, உங்கள் வளவு ஐம்பத்திரண்டு. அப்போதுதான் என் மனச்சாட்சி விழித்தது. வெளிநாட்டில் வெயிலில் கிடந்து உழைக்கிற சகலனுக்கு அநியாயம் செய்யலாமா என்று கேட்டது. ஆகவே உங்களுக்கு ஓரங்குலமும் குறையக் கூடாது என்று, உங்கள் தெற்கு வேலியையும் எட்டடி தெற்கே தள்ளி நட்டேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெற்கே சித்தி லைலாவின் வளவு; பெயரில்தான் சித்தி, உறவு ஒன்றுமில்லை. கைத்தறி நெய்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறவள். புருஷன் சுனாமியில் மௌத்தானவர். அவள் மறுநாளே வந்து வாசலில் நின்றாள்.

"சேர், என்ட வளவுல எட்டடி போயிட்டு."

"சுனாமியில போயிருக்கும் புள்ள."

"சுனாமி வந்து அஞ்சர வருசம். வேலி நேத்துத்தான் வந்த."

இதற்கு என் மாதிரி விடைகள் எதிலும் பதில் இல்லை. ஆனாலும் படிப்பித்த வாய் சும்மா இருக்குமா. நீங்களும் எட்டடி தெற்கே தள்ளிப் போடுங்கள், எல்லோரும் ஒரே அளவு நகர்ந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை என்றேன். "அப்ப கடைசி வளவுக்காரருக்கு?" என்று கேட்டாள். "அவருக்கு அங்கால வெறும் நிலம்தானே" என்றேன். அது எந்த வெறும் நிலம் என்று நான் யோசிக்கவில்லை. அவள் போய்விட்டாள். இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சீதன வளவு வேண்டும், அவளும் என்ன செய்வாள்.

தம்பி, ஒரு கிழமையில் அந்தத் தெரு முழுவதும் நகர்ந்தது. சத்தமில்லை, சண்டையில்லை. ஒவ்வொருவரும் பக்கத்து வளவுக்காரருக்கு என் விளக்கத்தையே சொல்லியிருக்கிறார்கள். சேர் சொன்னார் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்காயர் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். தெருக் கோடியில் நம் ஆட்களை அடக்கம் செய்கிற மையவாடிக்குள் யாரோ வேலித் தூண் நட்டிருக்கிறார்களாம். விசாரிக்க வேண்டுமாம். "சேர், நீங்கதான் தலைமை தாங்கணும். உங்களுக்கு ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாங்க" என்றார்கள். நான் வெள்ளைச் சாரனும் புதுத் தொப்பியும் அணிந்து போனேன். அந்த நேரத்திலும் எனக்கு விளங்கவில்லை என்றால் நீங்கள் நம்ப வேண்டும். கோபமாகவே போனேன். மையித்துகளோடு காணிச் சண்டை பிடிக்கிறவன் எவன் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு போனேன். ஹாஜறா பின்னால் வந்தாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு தெருக் கோடியில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நான் எழுந்து பேராசையைப் பற்றி ஆரம்பித்தேன். அமெரிக்க நாவலின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். சுருக்கம் என்றாலும் அரைமணி நேரம் போனது. பலருக்குக் கண் கலங்கியது. கடைசி வளவுக்காரர் உதுமாலெவ்வை, மீன் ஏற்றுகிறவர், கையை உயர்த்தினார்.

"சேர், அந்த அமெரிக்காக்காரனுக்கு எத்தன அடி கெடச்ச?"

கதை அதுவல்ல என்றேன். தூண் நட்டது யார் என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார் அவர். "எனக்கு வடக்கால உள்ளவர் எட்டடி தள்ளிட்டார். நான் எங்க போற? கடலுக்கா?"

வடக்கே உள்ளவர் எழுந்தார். அவரையும் தள்ளியிருக்கிறார்கள். அவருக்கு வடக்கே உள்ளவர் எழுந்தார். ஒவ்வொருவராக எழுந்து வடக்கே கை காட்டக் காட்ட, என் வளவுக்கு இன்னும் எத்தனை வளவு மிச்சம் என்று நான் எண்ணத் தொடங்கினேன். கடைசியில் சித்தி லைலாவின் முறை வந்தது. அவள் யாரையும் காட்டவில்லை. முக்காட்டைப் பிடித்துக்கொண்டு அந்தத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுனாமியில் மௌத்தான நம் தெருவார் எல்லோரும் அந்தப் பக்கத்தில்தான் அடக்கம். தூண் நின்றது ஒருவரின் தலைமாட்டில் நட்ட மீஸான் கட்டைக்கு ஒரு முழம் தள்ளி.

"அது என்ட மனிசன்ட கபுறு" என்றாள். "என்ட வேலி உருண்டு உருண்டு அவருக்கிட்டயே வந்துட்டு."

என்னைக் காட்டிக் கொடுக்க அவள் வாயைத் திறக்கவேயில்லை தம்பி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அவளத் தள்ளின நான்" என்றேன். "முதல் தூண் என்ட." ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மரைக்காயரில் ஒருவர் தன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு, "இனி என்ன சேர், புடுங்குவம்" என்றார்.

பொழுது பட்டு மஃரிபு தொழுமுன் மையவாடித் தூணை நானும் உதுமாலெவ்வையும் பிடுங்கினோம். பிறகு ஒவ்வொரு வேலியாகப் பிடுங்கிக்கொண்டு எல்லோரும் வடக்கே வந்தோம். சித்தி லைலாவின் தூணை அவளுடைய பெண்பிள்ளைகள் பிடிக்க நான் பிடுங்கினேன். "சேர், இரிங்க, நாங்க செய்யிறம்" என்றாள் லைலா. எனக்கு அவள் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். அந்தத் தண்ணீரை விழுங்குவது தூண் பிடுங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. மையவாடிப் பிரச்சினை என்று கேள்விப்பட்டதும் கொழும்பு முதலாளி வேறு கடற்கரை பார்க்கப் போய்விட்டார்; பர்ஸானும் கூடவே போய்விட்டான்.

இனி வழக்கு வராமல் இருக்க, நற்பிட்டிமுனைப் புண்ணியமூர்த்தியைத் தெருவை அளக்கச் சொல்லியிருக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளை. இப்போது நில அளவையாளர். "ஆக்கள் சொல்லுற அளவ நம்பினா, சேர், கடைசி வளவு அடுத்த ஊர் பாண்டிருப்புக்குப் போயிரும். பதிவகத்தில உறுதிப் பிரதி எடுத்துத்தான் அளக்கோணும்" என்றான். செய் மகனே என்றேன்.

ஆகவே தம்பி, உங்கள் வளவு பழையபடி அறுபதடி. கட்டை பழைய இடத்தில். நம்பிக் கொடுத்துப் போன பொருளில் கை வைத்த என்னை நீங்களும் சுல்பிகாவும் மன்னிக்க வேண்டும். உங்கள் தறிகள் அந்த வளவில் ஓடுகிற சத்தத்தை நான் இருந்து கேட்க அல்லாஹ் நாட வேண்டும். உங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தும் உடம்பில் பலமும் உண்டாகட்டும். ஹாஜறா உங்கள் இருவருக்கும் ஸலாம் சொல்கிறாள்; மூன்று நாளாக எனக்கும் சொல்கிறாள்.

இப்படிக்கு,
தலை குனிந்த சகலன்,
ஏ. காலிதீன் (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பின்குறிப்பு: இதைச் சுல்பிகாவுக்கு வாசிக்க வேண்டாம். கடித உறையை ஒட்டப்போகும் நேரத்தில் புண்ணியமூர்த்தி உறுதிப் பிரதியோடு வந்தான். மாமா மூத்த மகள் ஹாஜறாவுக்கு அறுபதடி, இளைய மகளுக்கு ஐம்பத்திரண்டு அடி என்று எழுதியிருக்கிறார். முருங்கை நின்றது நான் சொன்ன இடத்தில்தான். நான் களவெடுத்தது என் பெண்சாதியின் சொந்த நிலத்தை. ஹாஜறாவிடம் காட்டினேன். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"ஓம், தெரியும். சுனாமிக்குப் பொறகு கட்டை அடிக்கக்குள்ள நான்தான் எட்டடி வடக்கால தள்ளிக் காட்டின. தங்கச்சிட தறி நாலும் கடலோட போன. கையில குடுத்தா வாங்க மாட்டாள்."

"அத அன்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கட்டை நிற்கிற இடத்திலேயே நிற்க வேண்டும், உறுதியையும் கட்டைக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள், புண்ணியமூர்த்தியும் தலையாட்டிவிட்டான். மேலே கேட்ட மன்னிப்பை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அது வேறு கணக்கு. இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடுங்கள். சுல்பிகாவுக்குத் தெரிந்தால் அடுத்த விமானத்தில் வந்து கட்டையைப் பிடுங்கி தன் ராத்தா ஹாஜறாவுக்காக எட்டடி தெற்கே நடுவாள், ராத்தா அதைப் பிடுங்கி வடக்கே நடுவாள், இந்தத் தெரு இன்னொரு தடவை தாங்காது.