பூமிநாதன் வீட்டுக்குப் பொங்கல் சீர் வந்தது

"தை பொறக்குறதுக்குள்ள அந்த வீட்டுச் சாவி என் கைக்கு வரலைன்னா நான் பூமிநாதனே இல்லடி!"

ஐப்பசி மாதத்து மழைநாள் காலையில், வாய் நிறையப் பற்பசை நுரையோடு இந்தச் சபதம் போடப்பட்டது. நுரையால் மனைவி முத்தழகுக்குப் பாதிதான் விளங்கியது. மீதியை அவள் பின்னால் தன் சௌகரியப்படி நிரப்பிக்கொண்டாள்.

சபதத்துக்கு உரிய வீடு, காரைக்குடியில் இவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஓட்டு வீடு. பூமிநாதனின் அப்பா நெல் விற்றுக் கட்டியது. அவர் போனபின் மகனுக்கு வந்தது. வீடு மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. உள்ளே சேவுகப்பெருமாளும் சேர்ந்தே வந்தார்.

சேவுகப்பெருமாள் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வயது எழுபத்தொன்பது. பூமிநாதன் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்னாலேயே அந்த வீட்டுக்குள் ஏறி உட்கார்ந்தவர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது, கூடப்பிறந்தவர்களும் கிடையாது. வேலையை விட்டாரே தவிர விசிலை விடவில்லை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும். பால்காரர் சந்து முனையில் தெரிந்தால் ஒரு விசில். பால் ஊற்றி முடித்தால் இரண்டு விசில். பால்காரரும் இரண்டாவது விசில் கேட்காமல் வண்டியை எடுக்க மாட்டார்.

பூமிநாதனோ, சிங்கப்பூரில் இருபது வருஷம் சரக்குக் கிட்டங்கியில் மேற்பார்வை பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பியவர். எந்தச் சரக்கையும் எந்த மூலையிலிருந்தும் நகர்த்தக்கூடியவர் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்தவரும் அவரே. செட்டிநாட்டைச் சுற்றிப்பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு அந்த ஓட்டு வீட்டில் அறை விடுவது அவர் திட்டம். 'பூமிநாதன் விருந்தினர் இல்லம்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் போர்டு எழுதி, கட்டிலுக்கடியில் தயாராக வைத்திருந்தார். சரக்கை நகர்த்துவது ஒன்றுதான் பாக்கி.

நேரில் போய்க் கேட்காமலும் இல்லை.

"அண்ணே, வீட்டைக் கொஞ்சம் காலி பண்ணிக் குடுத்தீகன்னா..."

"எறங்கிருவேன் தம்பி."

"எப்பண்ணே?"

"கடைசி ஸ்டாப்பு வந்ததும்."

"அது எப்ப வரும்?"

"அது நம்ம கையிலயா இருக்கு? டிரைவர் மேல இருக்காரு." சேவுகப்பெருமாள் விரலை உயர்த்தி ஓட்டைக் காட்டினார். அந்த இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. "அப்படியே அந்த ஓட்டையும் பாத்து மாத்திக் குடுத்துருங்க தம்பி."

பூமிநாதன் வக்கீலிடம் போனார். வழக்குப் போட்டால் தீர்ப்பு சாதகமாகத்தான் வரும் என்று வக்கீல் உறுதி சொன்னார். அதை வாங்கிக்கொள்ளப் பேரன் யாராவது இருப்பானா என்றும் விசாரித்தார்.

ஆகவேதான் சபதம். சபதத்துக்குப் பின்னால் ஒரு யுக்தியும் இருந்தது.

"இங்க பாரு முத்தழகு. அவருக்கு யாருமில்ல. ஒனக்கும் கூடப்பொறந்தவன் இல்ல" என்று ஆரம்பித்தார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் பூமிநாதனுக்கு ஒரு சிரிப்பு வந்துவிடும்.

காரணம் இருக்கிறது. முத்தழகு நாட்டரசன்கோட்டைப் பக்கத்துப் பெண். ஒற்றைப் பிள்ளை. பெற்றவர்கள் போனார்கள். அடுத்த அடைமழையில் அந்த மண்சுவர் வீடும் உட்கார்ந்துவிட்டது. பொங்கல் வந்தால் தெருவில் எல்லா வீட்டுக்கும் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பிகள் கரும்பும் பானையும் அரிசியுமாகச் சீர் கொண்டுவருவார்கள். இவள் வாசலுக்கு இருபத்துமூன்று வருஷமாக ஒரு கரும்புச் சக்கைகூட வந்ததில்லை. "என்னடி, ஒங்க வீட்டுச் சீர் லாரி எங்க நிக்கிது? பஞ்சரா?" என்று பூமிநாதன் வருஷம் தவறாமல் கேட்பார். சிங்கப்பூரில் இருந்த வருஷங்களில் போன் போட்டுக் கேட்டார். சண்டை வந்தால் இன்னொரு வசதி. "போ, ஒன் பொறந்த வீட்டுக்கே போ!" என்று தெரு கேட்கக் கத்தலாம். அவளுக்குத்தான் போக இடம் கிடையாதே.

முத்தழகு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

"அதுனால நீ போயி அவர அண்ணேன்னு கூப்பிடு. கொழம்பு குடு, பணியாரம் குடு. ஒறவாக்கிரு. மனுசன் வக்கீலுக்கு மசிய மாட்டான், ஒறவுக்கு மசிஞ்சிருவான். தங்கச்சி கேட்டா எந்த அண்ணன் இல்லேம்பான்?"

முத்தழகு அரிவாள்மணையை நிறுத்தினாள். "நெசமாவே அண்ணேன்னு கூப்பிடவா?"

"வாய் நெறயக் கூப்பிடு."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீகளே?"

"நான் என்னைக்குடி பேச்சு மாறியிருக்கேன்?"

அவள் மறுபடி கத்திரிக்காய் நறுக்கத் தொடங்கினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக நறுக்கினாள். அதைப் பூமிநாதன் கவனித்திருக்கலாம்.

மறுநாளிலிருந்து தூக்குச்சட்டி இரண்டு தெரு தாண்டிப் போனது. அயிரை மீன் குழம்பு வைத்தால் மீன் அங்கே போகும், குழம்பு இங்கே தங்கும். பூமிநாதன் வெறும் குழம்பைப் பிசைந்து தின்றார். பெரிய காரியத்துக்கு முதல் போடுகிறவன் பட்டினி கிடக்க வேண்டியதுதான் என்று தன்னையே மெச்சிக்கொண்டார். கார்த்திகையில் முத்தழகு சேதி கொண்டுவந்தாள்.

"ஒங்கள மாப்ளேன்னு கூப்பிடட்டுமான்னு அண்ணே கேட்டாக."

"கூப்பிடச் சொல்லு!"

"நீகளும் மச்சான்னு கூப்பிடணுமாம். நாலு பேரு முன்னால."

"மைக் வச்சே கூப்பிடுறேன்!"

மைக் தேவைப்படவில்லை. மறுநாள் காலையில் டீக்கடையில், பத்துப் பதினைந்து பேர் நடுவே, "மச்சானுக்கு ஒரு டீ!" என்று முழங்கினார். கிழவர் டம்ளரை வாங்கவில்லை. கொஞ்ச நேரம் இவர் முகத்தையே பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்குன்னு ஒரு மாப்ள" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சரக்கு நகர ஆரம்பித்துவிட்டது என்று பூமிநாதன் வீட்டுக்கு வந்து துள்ளினார்.

மார்கழிக் கடைசியில் அடுத்த சேதி. "பொங்கலுக்கு அண்ணே நேர்லயே வாராகளாம். ஒரு பொருளைக் கொண்டாந்து முறையா ஒப்படைக்கணும்னாக."

என்ன பொருள் என்று பூமிநாதன் கேட்கவில்லை. சாவியைத் தவிர அந்த மனுஷனிடம் ஒப்படைக்க என்ன இருக்கிறது?

போகியன்று காலை. பூமிநாதன் சலவை வேட்டி கட்டி, வீட்டைக் காலி செய்து தருவதாக இரண்டு மொழியிலும் தானே எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். தெருமுனையில் விசில் கேட்டது. இரட்டை விசில்.

முன்னால் சேவுகப்பெருமாள், புது வேட்டி, அதே விசில். பின்னால் ஓய்வுபெற்ற டிரைவர்களும் கண்டக்டர்களுமாக ஏழு பேர். ஒருவருக்கும் எழுபதுக்குக் குறைவில்லை. முதல் ஐந்து பேர் கையில் தாம்பாளம். பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், வாழைத்தார், பதினொரு தேங்காய், பட்டுக்கரை போட்ட சேலை. கடைசி இரண்டு பேர் ஒரு கட்டுக் கரும்பை முன்னும் பின்னுமாகச் சுமந்து வந்தார்கள். நடுவழியில் மூச்சு வாங்கியபோது ஒரு விசில், எல்லோரும் நின்றார்கள். இரண்டு விசில், கிளம்பினார்கள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"ஏய், முத்தழகுக்குப் பொறந்த வீட்டுச் சீரு வருதுடி!" என்று பக்கத்து வீட்டு மஹாலட்சுமி கூவினாள்.

முத்தழகு வாசலில் நின்றாள். இருபத்துமூன்று பொங்கலும் அந்த முகத்தில் வந்து நின்றன. இரண்டு கையாலும் பானையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் பிடிபடவில்லை. அவள் அப்படி நின்று பூமிநாதன் பார்த்ததே இல்லை. ஆனால் அவருக்கு வேறு வேலை இருந்தது. அரிசித் தாம்பாளத்துக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார்.

"என்ன தேடுறீக மாப்ள?"

"இல்ல மச்சான்... சாவி... ஏதும்..."

"சாவி எதுக்கு? தங்கச்சிக்கு நம்ம வீட்டுக் கதவு எந்நேரமும் தெறந்துதான் கெடக்கு!"

தெரு கைதட்டியது. கடிதம் சட்டைப்பையிலேயே கசங்கியது.

பொங்கலன்றைக்கு வாயைத் திறக்க முடியவில்லை. வாய் நிறையப் பொங்கல். மாட்டுப் பொங்கலன்று வெடித்தார்.

"சீரு கொண்டாரச் சொன்னேனா? சாவி வாங்கச் சொன்னேனா?"

"எந்த வீட்டுச் சாவி?"

"எங்கப்பன் கட்டுன வீட்டுச் சாவிடி!"

"அது எம்பொறந்த வீடு."

"என்னது?"

"அண்ணன் இருக்குற வீடு பொறந்த வீடு இல்லாம பஸ் ஸ்டாண்டா? கூப்பிடச் சொன்னது யாரு? டீக்கடையில மச்சான்னு கத்துனது யாரு? சீரு கொண்டாந்த மச்சானத் தெருவுல எறக்கிவிட்டா, நாளைக்கு அதே டீக்கடைக்கு எந்த மொகத்தோட போவீக?"

பூமிநாதன் இருபத்துமூன்று வருஷமாகக் கைகொடுத்த ஆயுதத்தை எடுத்து வீசினார்.

"அப்ப போடி! ஒன் பொறந்த வீட்டுக்கே போ!"

சொல்லி முடிப்பதற்குள் முத்தழகு பையோடு நின்றாள். நடுவில் பை கட்ட நேரமே இல்லை. அது ஐப்பசியிலேயே கட்டி வைத்த பை.

"சரிங்க. போயிட்டு வாரேன்" என்றாள், ஒரு குறையும் இல்லாமல். கட்டிலுக்கடியில் இருந்த எதையோ பழைய சேலையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

முதல் நாள் மிச்சப் பொங்கல். இரண்டாம் நாள், அதே பொங்கல். மூன்றாம் நாள் பொங்கல் அவரைப் பார்த்தது, அவர் பொங்கலைப் பார்த்தார். சுவருக்கு மேலே மஹாலட்சுமியின் தலை வந்தது.

"அண்ணே, மதினியக் காணமே?"

"பொறந்த வீட்டுக்குப் போயிருக்கா" என்றார் பூமிநாதன், கௌரவத்தை விடாமல். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்று உறைத்தது.

மஹாலட்சுமியின் முகம் மலர்ந்தது. "அப்ப வெறுங்கையோட போயிறாதீக அண்ணே. பூவும் பழமும் வாங்கிட்டுப் போங்க. மாப்ள முறை இல்லையா?"

நாலாம் நாள் காலையில் மல்லிகைப்பூ, ஆப்பிள், ஒரு கிலோ மைசூர்பாகு சகிதம் பூமிநாதன் தன் சொந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனார். வாசலில் போர்டு மாட்டியிருந்தது. 'பூமிநாதன் விருந்தினர் இல்லம்.' இரண்டு மொழியிலும். உள்ளேயிருந்து அயிரை மீன் குழம்பு வாசனை வந்தது. இந்தத் தடவை மீனோடு.

"வந்துட்டீகளா?" முத்தழகு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பட்டுக்கரைச் சேலையில் இருந்தாள். "இன்னிக்குச் சாப்புட்டுட்டுக் கெளம்பிருவோம். அடுத்த மழைக்குள்ள ஓட்டை மட்டும் மாத்திக் குடுத்துருங்க. பொண்டாட்டி பொறந்த வீடு ஒழுகுனா ஒங்களத்தான் சிரிப்பாக."

பூமிநாதன் போர்டை ஒரு தரம் பார்த்தார். வீட்டை ஒரு தரம் பார்த்தார். உள்ளே போவதா, திரும்புவதா என்று தெரியாமல் ஒரு கால் படியிலும் ஒரு கால் சந்திலுமாக நின்றார்.

சுருக்கென்று ஒரு விசில்.

"படியில நிக்காதீக மாப்ள" என்றார் சேவுகப்பெருமாள். "உள்ள ஏறி வாங்க. ஒரு ஆளு ஒக்கார எடமிருக்கு."