அக்கா எழுதித் தந்த அப்பா கடிதம்

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி எழுதுவது. இங்கே பாப்பா நலம், அவள் அம்மா நலம், மீன் தொட்டியில் மிச்சமிருக்கும் ஒரு மீனும் நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். அங்கே நீயும் மாமாவும் நலமாகத்தான் இருப்பீர்கள். பற்ற வைத்துவிட்டுத் தள்ளி நிற்பவர்களுக்கு உடம்புக்கு என்ன வரப்போகிறது?

இதை ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில், சாப்பாட்டு இடைவேளையில், பழுது அறிக்கைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அங்கங்கே கிரீஸ் பட்டிருந்தால் கண்ணீர் என்று நினைத்துக்கொள்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் வழக்கு என்று வந்துவிட்டால் முதலிலிருந்துதானே சொல்ல வேண்டும். பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு என் மனைவி ஓர் ஏற்பாடு கொண்டுவந்தாள். வருடா வருடம் அப்பா ஒரு கடிதம், அம்மா ஒரு கடிதம். அந்த வருடத்து ஞாபகம், பாசம், புத்திமதி எல்லாவற்றையும் எழுதி, உறையில் ஒட்டி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. பதினெட்டு வயதில் டப்பாவைப் பாப்பா கையில் கொடுப்போம், அவள் படித்துப் படித்து அழுவாள். இதுதான் திட்டம். எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். பதினான்கு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன் கையிலிருந்து அறிக்கைதான் வரும். முதல் வருடம் நானே உட்கார்ந்து முயன்றேன். 'பொருள்: மகள். வயது: ஒன்று. சத்தம்: அதிகம். இயக்கம்: திருப்தி. அடுத்த பரிசோதனை: ஒரு வருடம் கழித்து' என்று வந்தது. அதனால்தான் உன் காலில் விழுந்தேன். நீ பத்திரிகை விளம்பரப் பிரிவில் இரங்கல் அறிவிப்பு எழுதுகிறவள். முகம் தெரியாதவர்களுக்காக ஊரையே அழ வைக்கிறாய், சொந்தத் தம்பிக்காக ஒரு குழந்தையை அழ வைக்க மாட்டாயா என்று கேட்டேன். நீயும் நான்கு வருடம் எழுதி என் ஆபீசுக்கு அனுப்பினாய். நான் அதை என் கையெழுத்தில் பார்த்து எழுதி டப்பாவில் போட்டேன். குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது வருடக் கடிதத்தை, 'உன் புன்னகை எங்கள் நெஞ்சை விட்டு என்றும் மறையாது' என்று முடித்திருந்தாய். குழந்தை பக்கத்து அறையில் உயிரோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் அந்த வரியை அடித்துவிட்டு 'நன்றாகச் சாப்பிடு' என்று எழுதிச் சமாளித்தேன்.

இந்த வருடம் நீ அனுப்பிய கடிதம் பிறந்தநாள் அன்று மத்தியானம்தான் வந்து சேர்ந்தது. அந்த வாரம் ஊரில் சாவு அதிகம், மூச்சு விட நேரமில்லை என்று போனில் சொன்னாய். சரி, அவரவர் தொழில். ஆனால் பிரித்துப் படித்துப் பார்த்து எழுத எனக்கு எங்கே நேரம்? இப்போதைக்கு அப்படியே டப்பாவில் போடுவோம், பிறகு எடுத்து எழுதிக்கொள்ளலாம் என்று உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்று சொல்வார்களே, நான் உறை பிரிக்காமல் தலையையே விட்டேன்.

வீட்டில் இருபது பேர். பாப்பா லிஃப்ட் மாதிரிக் கேக் வேண்டும் என்று கேட்டிருந்தாள், இரண்டு கதவு வைத்த பீரோ மாதிரி ஒன்று வந்திருந்தது. என் மனைவி வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா வந்திருந்தார், யார் கேக் சாப்பிட்டாலும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மச்சானும் வந்திருந்தார். உனக்குத்தான் தெரியுமே, டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போட்டே பழகியவர், யார் கொஞ்சம் நீளமாகப் பேசினாலும் அவர் கால் தானாகத் தரையை மிதிக்கும். கேக் வெட்டி முடிந்து, நானும் அவளும் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு டப்பாவை நோக்கி நடந்தோம். அப்போது அந்த மனுஷன், "என்ன மாப்ளே, வருஷா வருஷம் ரகசியமாவே போட்டா எப்படி? இந்தத் தடவை படிங்க, நாங்களும் கேக்கறோம்" என்றார். இருபது பேரும் கை தட்டினார்கள். கை தட்டாதது நானும் என் மனைவியும்தான். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

பிரித்தேன், படித்தேன். நான் எதைப் படித்தாலும் வாய் முன்னால் போகும், மூளை படியேறிப் பின்னால் வரும். 'என் கண்ணே, இன்று உனக்கு ஐந்து வயது' என்றிருந்தது. அழகாக ஆரம்பித்திருக்கிறாள் அக்கா என்று பெருமையோடு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "பத்து மாதம் உன்னை என் வயிற்றில் சுமந்தேன்" என்று படித்துவிட்டேன்.

மச்சானின் கால் தரையை மிதித்தது. "எத்தனை மாசம், மாப்ளே?"

"மனசுல மச்சான். மனசுல சுமந்தேன்னு அர்த்தம்."

"வயிறுன்னு படிச்சீங்களே?"

"பசி மச்சான். அப்பல்லாம் வேலை ஜாஸ்தி, சாப்பிடவே நேரம் இருக்காது."

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? மேலே படித்தேன். ஐந்தாம் மாதம் எனக்குக் கால் வீங்கியிருந்ததாம். நாளெல்லாம் நின்றே செய்யும் வேலை என்றேன். ஆபரேஷன் தழும்பு மழை நாளில் இன்னும் இழுக்கிறதாம். குடல்வால் என்றேன். டாக்டரம்மா என் வாயை விட்டுவிட்டு என் வயிற்றைப் பார்க்க ஆரம்பித்தார். பாப்பா கேக் மேஜையிலிருந்து இறங்கி வந்து என் சட்டையைத் தூக்கிப் பார்த்து, "அப்பா, நான் உன் வயித்துல எந்தப் பக்கம் இருந்தேன்?" என்று கேட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். சிரிப்பு வருகிறதே என்ற தைரியத்தில் அடுத்த வரியையும் படித்தேன். 'நீ பிறந்த நேரத்தில் உன் அப்பா அங்கே இல்லை. எங்கே போனார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. டீ குடிக்கப் போனாராம்.'

யாரும் சிரிக்கவில்லை அக்கா. பலூன் ஒன்று வெடித்தது, அதற்குக்கூட யாரும் திரும்பவில்லை.

என் மனைவி உன்னிடம் போனில் புலம்பியிருப்பாள், நீ அதை மனதில் வைத்துக்கொண்டே எழுதியிருப்பாய், எழுதுவது அப்பா என்பதையே மறந்துவிட்டாய். இதுதான் நடந்திருக்கும். அவ்வளவு சாவுக்கு நடுவில் யார் யாருக்காக அழுகிறார்கள் என்பது குழம்பத்தான் செய்யும். ஆனால் அதற்கு என் மானமா கிடைத்தது?

அடுத்து அவள் முறை வந்தது. உறையைப் பிரித்தாள், முதல் வரியைப் பார்த்தாள், முகம் வெளுத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. "என்னால படிக்க முடியல" என்று மடித்து உள்ளே வைத்துவிட்டாள். "பெத்த மனசு, பாருங்க" என்று எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ஒரு பக்கம் முழுக்கப் படித்தவனுக்குப் பழி, ஒரு வரியும் படிக்காதவளுக்குப் பாராட்டு!

எல்லோரும் போன பிறகு அவள் டப்பாவைத் திறந்தபடியே ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை இதை மூடிடுவேன். அதுக்குள்ள நீங்களே உங்க கையால ஒண்ணு எழுதிப் போடுங்க. அன்னிக்கு எங்க போனீங்கன்னும் எழுதுங்க. டீக்கதை வேண்டாம்" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். நான் படித்ததை யார் எழுதிக் கொடுத்தது என்று மட்டும் அவள் கேட்கவே இல்லை. அந்த வரைக்கும் நிம்மதி.

அக்கா, அந்த டீக்கதை ஐந்து வருடமாக எங்கள் வீட்டில் ஓடுகிறது. பாப்பா பிறந்த நாளிலிருந்து எனக்கு இந்த வீட்டில் டீ கிடையாது, காபிதான். கேட்டால், "டீதான் நீங்க வெளியில போய்க் குடிச்சுக்குவீங்களே" என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான், யாரைக் குறை சொல்வது? உண்மை என்ன என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். வெளியே விட்டாயானால் நம் உறவு அன்றோடு சரி.

அன்று நான் அந்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். அவளை மூன்றாம் மாடியில் உள்ளே கொண்டுபோனதும், ஏதோ தாளில் கையெழுத்துப் போடக் கீழே கூப்பிட்டார்கள். போட்டுவிட்டு லிஃப்டில் ஏறினேன். என்னோடு அழுக்குப் போர்வை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மா ஏறினார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. சுவரில் பராமரிப்பு அட்டை மாட்டியிருந்தது. ஒன்பது நாளுக்கு முந்தைய தேதி, 'எல்லாம் சரி', கீழே கையெழுத்து. என் கையெழுத்து. வெளியிலிருந்து செய்ய வேண்டிய வேலை அது, உள்ளே இருந்துகொண்டு தொழில் தெரிந்தும் பயனில்லை. அந்த அம்மா, "இந்த லிஃப்டைப் பாக்கறவன் கைல கொள்ளி வைக்க" என்றார். நானும், "ஆமாம்மா" என்றேன்.

நாற்பது நிமிஷம். மேலே கதவு இடுக்கு வழியாக ஆள் நடக்கும் சத்தம், பாத்திரம் வைக்கும் சத்தம் எல்லாம் இறங்கி வரும், நான் மட்டும் ஏறிப் போக முடியாது. அப்போது ஓர் அழுகை கேட்டது. சின்னதாக, கோபமாக, யாரைக் கேட்டு என்னை வெளியே எடுத்தீர்கள் என்பது மாதிரி. அந்த அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பொண்ணு" என்றார். எனக்கும் தெரிந்துவிட்டது அக்கா. எப்படி என்று கேட்காதே, அது என்னுடையது என்று தெரிந்துவிட்டது. அந்த அழுக்குப் போர்வை மேல் உட்கார்ந்து நானும் அழுதேன். அவர் ஒரு தலையணை உறையை எடுத்துக் கொடுத்து, "துடைச்சுக்கோ, துவைக்கத்தான் போகுது" என்றார். கதவைத் திறந்து தூக்கி விட்டதும் ஓடினேன். அவள் படுத்தபடியே, "எங்க போனீங்க?" என்றாள். ஊர் லிஃப்டையெல்லாம் சரி பண்ணுகிறவன், சொந்தக் குழந்தை பிறக்கும்போது தான் சரி பண்ணிய லிஃப்டிலேயே மாட்டிக்கொண்டேன் என்று எந்த வாயால் சொல்வது? "டீ குடிக்க" என்று வந்துவிட்டது.

இன்றைக்கும் பாப்பா எதற்காவது அழுதால் முதல் இரண்டு விநாடி அதே குரல். நான் எந்த அறையில் இருந்தாலும் எழுந்து நின்றுவிடுவேன். எதற்கு நின்றேன் என்று தெரியாமல் திரும்ப உட்காருவேன். போன மாதம் என்னோடு வேலைக்கு வந்து, இந்த ஒன்பது மாடிக்கும் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி, ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்ததும், "எங்கப்பாதான் இதைச் சரி பண்ணினார்" என்று காத்திருந்தவர்களிடமெல்லாம் அறிவித்தாள். ஏழாம் மாடியில் ஒருத்தர், "அப்படியா, இறங்கு முதல்ல" என்றார். நான் ஸ்பேனரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ராத்திரி அந்த ஸ்பேனரைப் பக்கத்தில் படுக்க வைத்துப் போர்த்திவிட்டுத்தான் அவள் தூங்குகிறாள்.

சரி, இதெல்லாம் கடிதத்துக்கு ஆகாத சமாசாரம், விடு. காரியத்துக்கு வருகிறேன். உனக்கு இருக்கும் கடைசி வாய்ப்பு இது. சனிக்கிழமைக்குள் எனக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பு. பாசம் பொங்க வேண்டும், எனக்கு வயிறு பொங்கக் கூடாது. நான் அன்று எங்கே போனேன் என்பதற்கும் கௌரவமாக ஒரு காரணம் போடு. முன்பின் தெரியாத யாருக்கோ ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன் என்று எழுது. அவர் பிழைத்துக்கொண்டார் என்றும் எழுது. உன் பழக்கத்துக்குக் கொன்றுவிடாதே.

மாமாவுக்கு என் வணக்கம். உன் பேனா நீடூழி வாழட்டும், அது தொடுகிறவர்களும் கொஞ்சம் வாழட்டும்.

இப்படிக்கு,
பத்து மாதம் எதையும் சுமக்காத
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை எழுதுகிறேன். கடிதம் ஒன்றும் அனுப்ப வேண்டாம். தபாலில் போட மறந்து இந்தத் தாள்களைச் சாப்பாட்டுப் பையிலேயே விட்டிருந்தேன். டிபன் பாக்ஸ் எடுக்க வந்த என் மனைவி முழுவதையும் படித்துவிட்டாள். பீரோ கேக் வரைக்கும் சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. வெளியே வந்து, "டீன்னு சொன்னதுக்கு இதையே சொல்லியிருக்கலாமே" என்றாள். அப்புறம் உள்ளே போய், அன்று படிக்காமல் மடித்தாளே, அந்த உறையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். 'மகளே, இந்த அப்பாவின் கிரீஸ் கைகள்' என்று ஆரம்பிக்கிறது. "எனக்கும் உங்க அக்காதான் எழுதிக் குடுக்கறாங்க. முதல் வருஷத்துலேர்ந்தே. கிளினிக்குக்கு அனுப்புவாங்க. இந்தத் தடவை எனக்கும் அன்னிக்கு மத்தியானம்தான் வந்துச்சு, பிரிக்கவே இல்ல" என்றாள். இரண்டு பேருக்கும் எழுதிய புண்ணியவதி, இந்த வருடம் உறையை மாற்றிப் போட்டுவிட்டாய்! டப்பாவில் இருக்கும் எட்டுக் கடிதமும் உன்னுடையது. பதினெட்டு வயதில் பாப்பா திறந்து பார்க்கும்போது, இந்த உலகத்தில் அவளை நேசித்த ஒரே ஆள் அத்தைதான் என்று ஆகிவிடும்.

அதனால் இந்தக் கடிதமே, கிரீஸோடு, டப்பாவுக்குள் போகிறது. உனக்கு வருவது நகல். மச்சானைப் பற்றிய வரிகளை அடிக்கச் சொன்னாள். அடிக்கவில்லை. அவள் இப்போது மேஜையில் உட்கார்ந்து தன் கையால் தன் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் 'அன்புள்ள' வரைக்கும் வந்திருக்கிறது.

நடுவில் ஒரு தடவை எழுந்து போய் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். டீ. ஐந்து வருடத்தில் பழக்கம் விட்டுப் போயிருக்கிறது, சர்க்கரை போடவில்லை. நான் சொல்லப் போவதில்லை.