தயிர் உறையாத வீடு

நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைத்தால் இன்றைய பால் உறைந்துவிடும். இன்றையதில் எடுத்து வைத்தால் நாளைய பால். ஒரு குடும்பம் ஆயுளுக்கு ஒரு தடவை பக்கத்து வீட்டில் உறை வாங்கினால் போதும். கல்யாணமான புதிதில் நான் தினமும் வாங்கினேன். (வெள்ளிக்கிழமை நீங்கலாக. அன்றைக்கு உறையை வெளியே கொடுத்தால் அதோடு லட்சுமியும் போய்விடுவாள் என்று யாரும் கொடுக்க மாட்டார்கள். எனக்கு வாரத்திலேயே பிடிக்காத கிழமை அதுதான்.)

அது எழுபதுகள். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் சுறுசுறுப்பாகிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கு அங்கே கப்பல் சரக்குக்குக் கணக்கெடுக்கும் வேலை. காலையில் போனால் பொழுது சாய்ந்து வருவார், சாப்பிடுவார், உட்கார்ந்தபடியே தூங்குவார். நானோ தாமிரபரணிக் கரையில், ஒரே நேரத்தில் நாலு பேர் பேச ஐந்தாவது ஆள் சண்டைக்கு நிற்கிற வீட்டில் வளர்ந்தவள். என்னை மில்லர்புரத்தில் ஒற்றை அறையும் அடுக்களையுமாக ஒரு வாடகை வீட்டில் கொண்டுவந்து வைத்தார். முதல் மாதம் நான் அதிகம் பேசியது ஒரு காக்காயோடு. அதுவும் கருவாடு காயப்போடுகிற வீடாகப் பார்த்துப் போய்விட்டது.

அடுத்த வீட்டில் கனகமணி அக்கா இருந்தாள். உடன்குடிப் பக்கத்துக்காரி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவள் கணவருக்குப் பலசரக்குக் கடை. ஒரு நாள் உண்மையாகவே உறை தீர்ந்துபோய் அவளிடம் கேட்கப் போனேன். கொழுந்தன் பெண்டாட்டியின் கொழுப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். வீடு திரும்பும்போது என் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் அடுக்களையில் கிண்ணம் நிறையத் தயிர் இருந்தது. அதை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, டம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு மறுபடி போனேன்.

“நேத்து வச்சது உறையலக்கா” என்றேன்.

பேச ஆள் இல்லை, பகலெல்லாம் அழுகையாக வருகிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. கட்டிக்கொடுத்த இடத்தில் அப்படிச் சொன்னால் அது புருஷன் மேல் புகார் என்று ஆகிவிடும். தயிர் உறையவில்லை என்று சொல்வதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்று நினைத்தேன். அவ்வளவுதான் எனக்கு அப்போது புத்தி.

அக்கா இதைச் சாக்கு என்று நினைக்கவில்லை, வியாதி என்று நினைத்துவிட்டாள். தெருக் குழாயடியில் என் தயிர் பற்றிய விசாரணை நடந்தது. பால்காரர் ஊற்றும் தண்ணீர்தான் காரணம் என்றார்கள். பாத்திரத்தில் ஈயம் போயிருக்கும் என்றார்கள். உப்பளக் காற்று என்றுகூட ஒருத்தி சொன்னாள். (அதே காற்றில்தான் அவள் வீட்டுத் தயிரும் உறைந்தது.) கடைசியில் எங்கள் வீட்டுச் சொந்தக்கார அம்மாள், சில பேர் கைக்குத் தயிர் உறையாது, அந்தக் கை குடும்பத்துக்கு ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை காலையில் காய்ச்சி ஆற்றிய பாலும் சட்டியும் உறையுமாக என் அடுக்களைக்கே வந்துவிட்டாள்.

“எல்லாம் என் வீட்டுச் சாமான். கை மட்டும் உன்னுது. கலக்குளா” என்றாள்.

கலக்கினேன். விளக்கு வைக்குமுன் வீட்டுச் சொந்தக்கார அம்மாளையும் கூட்டிவந்து திறந்து காட்டுவதாகச் சொல்லிவிட்டு, அவள் சட்டியை மூடிவைத்துப் போனாள்.

நான் சட்டியின் எதிரே உட்கார்ந்தேன். பால் உறைந்துவிட்டால் என் கைக்கு நல்ல பெயர், ஆனால் நாளையிலிருந்து அக்கா வீட்டுக்குப் போக முகாந்திரம் இல்லை. உறையாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாத கை, ஆனால் ஆயுள் முழுக்க உறை வாங்கப் போகலாம். நான் ஆகாத கையைத் தேர்ந்தெடுத்தேன். பாலை அப்படியே பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆற்றி, பழையபடி சட்டியில் ஊற்றி மூடினேன். (பாக்டீரியா படித்த என் மகள், ஒரு கரண்டி உறையில் கோடிக்கணக்கில் உயிர்கள் இருக்கும், எல்லாவற்றையும் கொன்றிருக்கிறாய் என்று கணக்குப் போட்டாள். தயிரில் இரண்டு வகைப் பாக்டீரியா ஒன்றுக்கொன்று துணையாக இருந்தால் சீக்கிரம் பெருகுமாம். அந்த வசதி எனக்கு இல்லையே என்றேன்.)

அன்றைக்குப் பார்த்து கப்பல் வரத் தாமதமாகி, என் வீட்டுக்காரர் சீக்கிரமே வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். சொன்னபடி இரண்டு பேரும் வந்தார்கள். அக்கா மூடியைத் திறந்தாள். பால் பாலாகவே கிடந்தது. வீட்டுச் சொந்தக்கார அம்மாள் என் கையைப் பார்த்தார். நான் முடிந்தவரை பாவமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரரிடம், “பாவம் தம்பி, கல்யாணம் ஆன நாள்லருந்து தயிர் இல்லாமலா சாப்பிடுதீக?” என்று கேட்டாள்.

அவர் வாய்ச் சோற்றை விழுங்கிவிட்டு, “தயிரா? தினமும் கத்தி வச்சு வெட்டுத மாதிரில்லாக்கா இவ உறைய வைக்கா” என்றார். சொன்னதோடு நிறுத்தவில்லை. பெண்டாட்டியின் பெருமையை நிலைநாட்ட எழுந்துபோய், அலமாரியிலிருந்து கிண்ணத்தை எடுத்துவந்து, தயிர் சிந்தாது என்று தலைகீழாகக் கவிழ்த்தே காட்டினார். சிந்தவில்லை.

அக்கா சட்டியைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் வெளியே தலைகாட்டவில்லை. அவள் குழாயடிக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் குடத்தை எடுப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் யாரோடோ பேசுவது கேட்கும், இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இருந்த ஒரே ஆளையும் தொலைத்துவிட்டேன் என்று தெரிந்தது. சட்டியைத் திருப்பிக் கொடுக்கக்கூடத் தைரியம் வரவில்லை. அடுத்த வார வெள்ளிக்கிழமையன்று, யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்காத அந்த நாளில், அவளே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். என்னை முறைத்தாள்.

“பேசணும்னா பேச வாளா. நல்ல பாலை எதுக்குக் கெடுக்கே?” என்றாள்.

நான் அழுதேன். அவள் சமாதானமெல்லாம் சொல்லவில்லை. கொழுந்தன் பெண்டாட்டியின் கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

என் வீட்டுக்காரர் இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை. எங்கள் குடும்பத்தில் யாராவது சுற்றி வளைத்தால், “பாலைக் கெடுக்காதே” என்று சொல்வது இன்றும் வழக்கம். மகள் புனேயில் வேலைக்குப் போன முதல் வருஷம், ஒரு மத்தியானம் போன் செய்து ரசத்துக்கு எத்தனை மிளகு என்று கேட்டாள். முந்தின நாள் சாம்பாருக்குப் புளி கேட்டிருந்தாள். அவளுக்கு ஆபீஸ் கேண்டீனில் சாப்பாடு.

“பாலைக் கெடுக்காத பிள்ளே, பேசு” என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.