விடாக்கண்டன் வீட்டு வாசல்

மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பையைக் கீழே வைத்து, தானாகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீரும் குடித்து முடித்த பிறகுதான் விடாக்கண்டன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினான்.

அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. சமையலறை வாசலில் நின்று மனைவி பார்த்த பார்வையிலேயே அது தெரிந்தது.

"எங்கப்பா அவ்வளவு தூரத்திலேருந்து வந்திருக்கார். 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சா உங்க வாயிலேருந்து?"

"மீட்டிங்ல இருந்தேன். கையை ஆட்டினேனே."

"பார்த்தாராம். 'கிளம்பு கிளம்பு'ன்னு ஆட்டின மாதிரி இருந்துச்சாம்."

விடாக்கண்டன் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். மென்பொருள் எழுதுகிறவன். எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் சோறு தண்ணி மறந்து அதன் பின்னாலேயே அலைவான். பிழையே சலித்துப்போய் 'ஆளை விடப்பா' என்று வெளியே வந்து நிற்கும் வரை விடமாட்டான். அதே மாதிரி, ஒரு வேலையை இரண்டாவது தடவை செய்ய வேண்டி வந்தால் உடனே அதற்கு ஒரு நிரல் எழுதி இயந்திரத்தின் தலையில் கட்டிவிடுவான். அவன் வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதும் நிரல்தான், விளக்கை அணைப்பதும் நிரல்தான். செடிகள் பிழைத்திருந்தன. விளக்குதான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அணைந்துகொண்டிருந்தது.

அவன் யோசித்துப் பார்த்தான். அவன் தொழிலில், யாராவது கதவைத் தட்டினால் உடனே பதில் சொல்லாத இயந்திரத்தைச் செத்துப்போனதாக எடுத்துக்கொண்டு வேறு ஒன்றை வைத்துவிடுவார்கள். மாமனாரும் மாப்பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு முடிவுக்கு வந்திருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தக் கெட்ட பெயரை மாற்றாமல் விடுவதில்லை என்று அவன் தீர்மானித்தான்.

நினைத்தபடி செய்தும் விட்டான். வாசல் நிலைக்கு மேலே சுண்டுவிரல் அளவு மைக் ஒன்று. கூடத்துக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர். வாசலில் யாராவது "வரலாமா?" என்று கேட்டால், திரைக்குப் பின்னாலிருந்து விடாக்கண்டன் குரலிலேயே "வாங்க, உட்காருங்க" என்று பதில் வரும். அவன் பாட்டுக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை பார்க்கலாம். இது ரகசியம். தெரிந்தால், இயந்திரம் சொன்ன 'வாங்க' ஒரு 'வாங்க'வா என்று மனைவி கேட்பாள்.

மாடி வீட்டு அம்மா "வரலாமா?" என்று எட்டிப் பார்த்தார். "வாங்க, உட்காருங்க" என்றது திரை. அவர் அசந்துபோனார். இந்த மனிதருக்குப் பேச வரும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆனால் சாயங்காலம் நடைப்பயிற்சி முடித்து வந்த மாமனார், "வந்துட்டேன்" என்றார். திரை வாயே திறக்கவில்லை. மனைவி மறுபடியும் அந்தப் பார்வை பார்த்தாள்.

தமிழில் வருகிறவர்கள் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கே வா, வந்த, வர என்று அந்தக் குடும்பத்தில் பிறந்த சொற்களையெல்லாம் ஒன்றுவிடாமல் நிரலில் சேர்த்தான். வா என்ற வாசனை அடித்தால் போதும், வரவேற்றுவிட வேண்டியதுதான். மனைவியின் குரல் கேட்டால் மட்டும் பதில் சொல்லாதே என்று கூடவே ஒரு வரி எழுதினான். பல வீடுகளில் அது எழுதாமலேயே நடக்கிறது.

மறுநாள் பார்சல்காரர் வாசலில் நின்று, "சார், பார்சல் வந்திருக்கு" என்றார்.

"வாங்க, உட்காருங்க."

பார்சல்காரர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து சோபா நுனியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷ வேலையில் உட்காரச் சொன்ன முதல் வீடு இதுதான் என்று மாமனாரிடம் இரண்டு தடவை சொன்னார். மாமனாருக்கும் ஒரு பேச்சுத்துணை கிடைத்தது.

"அந்தப் பார்சல்காரர் எழுந்து வாசல் வரைக்கும் போறார், திரும்பி வந்து உட்கார்றார். மறுபடி போறார், மறுபடி உட்கார்றார். உடம்புக்கு ஏதாவதா?" என்று மனைவி கவலைப்பட்டாள். பாவம், அலைச்சல் என்றான் விடாக்கண்டன்.

அவன் கவலை வேறு. மாமனார் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். அவருக்குக் கொடுத்திருந்தது விடாக்கண்டனுடைய வேலை அறை. ரெண்டு நாள் வாரமாகி, வாரமும் நீண்டுகொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தால் மிக்ஸி சத்தம். பால்கனிக்குப் போனால் எதிர் வீட்டில் டைல்ஸ் அறுக்கும் சத்தம். போன மீட்டிங்கில் அவன் தலைக்குப் பின்னால் மாமனார் ஈரத் துண்டை உதறிக்கொண்டு போனதை வாடிக்கையாளர் நிறுவனமே பார்த்தது.

அவனுடைய குழுத் தலைவி பொறுமைசாலி. ஆனாலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளரின் பெரிய தலைகளெல்லாம் உட்காரும். புது வேலையை விளக்கிச் சொல்ல வேண்டியது அவன்தான். நன்றாகப் போனால் அந்த வேலைக்கான குழுவின் தலைமை அவன் கைக்கு வரும்.

"கதவு உள்ள ரூம்ல உட்கார்ந்து பேசுங்க. இல்லேன்னா நான் வேற ஆளைப் போட்டுடுவேன்."

பல வருஷமாக அவன் காத்திருந்த வாய்ப்பு அது. அதற்குத் தேவை நாலு சுவரும் ஒரு கதவும். அவற்றுக்குள் மாமனார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வரும்போது 'வாங்க' என்று சொல்லாதவன் இப்போது 'போங்க' என்று எந்த வாயால் சொல்வது?

தினமும் காலையில் அவன் வயிற்றெரிச்சலைக் கிளப்ப இன்னும் இரண்டு விஷயங்கள் நடந்தன. மனைவி ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள், சீக்கிரமே கிளம்பிவிடுவாள். அவள் போன பிறகு வெளியே எவனோ ஒரு வாடகைக் கார்க்காரன் வந்து ஹாரன் அடிப்பான். மாடி வீட்டுக்கு வருகிறவனாக இருக்கும். ஹெட்போனைத் துளைத்துக்கொண்டு அந்தச் சத்தம் மட்டும் உள்ளே வரும். அடுத்தது மாமனாரின் பை. காலையில் வாசலருகே தயாராக நிற்கும். பார்த்ததும் விடாக்கண்டன் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தால் பை அறைக்குள் போயிருக்கும். மாமனார் தன் ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, "மீனுக்கு இன்னிக்கும் நீங்களே தீனி போட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த மீன்களின் மேல் விடாக்கண்டனுக்கு ஒரு பரிவே வந்துவிட்டது. அவையும் தன்னைப் போலத்தான் காத்திருக்கின்றன என்று நினைத்தான்.

மாமனார் ஏன் பையைக் காட்டிக் காட்டி உள்ளே வைக்கிறார்? அவன் தர்க்கப்படி யோசித்ததில் ஒரே விடைதான் கிடைத்தது. முதல் நாள் கோபம் இன்னும் ஆறவில்லை. அது ஆறினால் மனிதர் மனசு நிறைந்து கிளம்பிவிடுவார். ஆகவே வரவேற்பை இன்னும் பலமாக்க வேண்டும்.

இந்தச் சமயம் பார்த்து மனைவியும் ஒரு குறை சொன்னாள். "நீங்க 'வாங்க'ன்னு சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா கவுன்ட்டர்ல டோக்கன் நம்பரைக் கூப்பிடற மாதிரி இருக்கு. அப்பா பாருங்க, வாக்கிங் போயிட்டு வந்தா நேரா ரூமுக்குப் போயிடறார். நல்லா உபசாரமா சொன்னாத்தானே உட்காருவார்? அதுவும் ஒரு தடவை சொன்னா யாரும் உட்கார மாட்டாங்க. ரெண்டாவது தடவை சொல்றதுதான் உபசாரம்."

அவள் சொன்னதைத் திருத்தக் குறிப்பாகவே எடுத்துக்கொண்டான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பாசத்தை வரவழைத்துப் பதிவு செய்தான். மாமனார் குரல் எது என்றும் நிரலுக்குக் கற்றுக்கொடுத்தான். அவர் குரலில் வா வாசனை அடித்தால் இனிமேல் "வாங்க மாமா, வாங்க. என்ன அவசரம்? உட்காருங்க" என்று வரும். அவர் உட்காராமல் நின்று மறுபடியும் ஏதாவது சொன்னால், இன்னும் குழைந்து, "நான் சொன்னா கேட்க மாட்டீங்களா மாமா?" என்று ஒன்று வரும். இதைப் பதிவு செய்யும்போது அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

பலன் உடனே தெரிந்தது. மாமனார் அவனைப் பார்க்கும் பார்வை மாறியது. சாப்பிடும்போது தன் தட்டிலிருந்து எடுத்து அவன் தட்டில் வைத்தார். மனைவி அவனுடைய சட்டைகளை அவன் கேட்காமலேயே இஸ்திரி போட்டு வைத்தாள்.

"அப்பா உங்களை நினைச்சு உருகறார். பெத்த பிள்ளைகூட இப்படி இருக்க மாட்டானாம்."

"அப்படியா? வேற ஏதாவது சொன்னாரா? ஊருக்கு, கிளம்பறதைப் பத்தி?"

அவள் முகம் மாறிய வேகத்தைப் பார்த்து, மீன்களுக்காகக் கேட்டேன் என்று சமாளித்தான்.

ஆக, பெயர் கிடைத்துவிட்டது, அறை கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. விடாக்கண்டன் மனம் தளரவில்லை. கதவு உள்ள ரூம் என்றுதானே தலைவி சொன்னாள்? குளியலறையிலும் கதவு இருக்கிறது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். துணிக்கூடை மேல் மடிக்கணினியை வைத்தான். பின்னால் டைல்ஸ் தெரியாமல் ஒரு வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டான். குழாயைத் துணி போட்டு இறுகக் கட்டினான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரிய தலைகள் ஆடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் முக்கியமான பகுதிக்கு அவன் வந்தபோது கதவு தட்டப்பட்டது.

"மாப்பிள்ளை, உள்ளேயா இருக்கீங்க? நேர்ல ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு..."

விடாக்கண்டன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான்.

"இருங்க மாமா, இருங்க."

"இல்ல மாப்பிள்ளை, இன்னிக்கு..."

"மாமா, உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன். இருங்க."

 வெளியே மூக்கை உறிஞ்சும் ஓசை ஒன்றும், தளர்ந்த காலடி ஓசையும் கேட்டன.

விளக்கம் முடிந்து வாளியிலிருந்து எழுந்தபோது அவனுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. தலைவியிடமிருந்து உடனே செய்தி வந்தது. பிரமாதம், குழு உங்களுக்குத்தான், உங்கள் குரல் கோயில் மண்டபத்தில் பேசுவது போல் கணீரென்று இருந்ததாக வாடிக்கையாளர் வியந்தார், திங்கள் முதல் தினமும் அவர்களோடு மீட்டிங், தயவுசெய்து அதே அறையில் உட்காருங்கள்.

ஜெயித்துவிட்டான். ஆனால் வாளியில் எத்தனை நாள் குடித்தனம் நடத்துவது? நல்ல பெயர் போனாலும் போகட்டும், இன்றைக்கு வாயைத் திறந்து சொல்லாமல் விடுவதில்லை என்று கிளம்பினான்.

அறையில் மாமனார் பையிலிருந்து சட்டைகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. போன் காதில் இருந்தது. "ஆமாங்க, மீனுக்கு இன்னிக்கும் நீங்களே..." என்றவர், அவனைப் பார்த்ததும் போனை வைத்தார்.

"சரி மாப்பிள்ளை. காலைப் பிடிக்கறேன்னு எல்லாம் பெரிய வார்த்தை சொல்லிட்டீங்க. நான் என்ன கல்லா?"

விடாக்கண்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியட்டும் என்று காத்திருந்தால் இன்றைக்கும் பேச முடியாது என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "மாமா, நான் ஒண்ணு மனசு விட்டுச் சொல்றேன்" என்று ஆரம்பித்தான்.

வெளியே ஹாரன் அலறியது.

இத்தனை நாள் சேர்த்துவைத்த கோபமெல்லாம் அந்தச் சத்தத்தின் மேல் திரும்பியது. செருப்புகூடப் போடாமல் படியிறங்கி கேட்டைத் திறந்துகொண்டு போனான். வாடகைக் காரின் ஜன்னலில் குனிந்து, மாடி வீட்டுக்கு வந்தால் மாடிக்குப் போய்க் கூப்பிட வேண்டியதுதானே, மனுஷன் வீட்டில் வேலை பார்ப்பதா வேண்டாமா, தினமும் இதே தொல்லையா என்று ஒரு மூச்சுக் கத்தித் தீர்த்தான்.

கார்க்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவனைக் கொஞ்சம் பரிதாபமாகவே பார்த்தார்.

"மாடிக்கு இல்ல சார், உங்க மாமனாருக்குத்தான் தினமும் வர்றேன், அவர் பையைத் தூக்கிக்கிட்டு வாசல் தாண்டி, மரியாதைக்கு உள்ள பார்த்து 'வரேன் மாப்பிள்ளை'ன்னு ஒரு வார்த்தை சொல்றார், உடனே நீங்க திரைக்குப் பின்னாலேருந்து 'வாங்க மாமா, என்ன அவசரம், உட்காருங்க'ன்னு பிடிச்சு வெச்சுக்கறீங்க, இன்னிக்காவது அந்த மனுஷனை விடுங்க சார்."